மூன்றாவது தடவை கூப்பிட்டால் திரும்பு

ஜப்பான் பேய்ப்படம் என்றால் எனக்குப் பேய் ஞாபகம் வராது. ஒரு ஆளின் பாதிக் கால்தான் ஞாபகம் வரும். கிரேனால் போனது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லித்தான் அப்படி எழுதினார்கள். உண்மையில் அது என் வாயால் போனது.

இப்போது வீட்டில் மருமகன் இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார். முடி முகத்தை மறைத்த பொம்பளை, ஈரத் தரை, பேச்சே இல்லாமல் பத்து நிமிஷம். "மாமா, இதெல்லாம் சும்மா கற்பனை இல்லை. அங்கே ஜனங்க நிஜமாவே பயந்துபோய் பேசிக்கிட்ட வதந்தி. அதைத்தான் படமா எடுக்கறாங்க" என்று எனக்குப் பாடம் எடுக்கிறார். நான் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். மாமாவுக்குப் பயம் என்று கீழே சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வதந்தி எப்படிக் கிளம்பும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் சவூதியில், ஜுபைலில் இருந்தேன். கடலோரத்தில் ஒரு பெட்ரோகெமிக்கல் பிளான்ட் எழும்பிக்கொண்டிருந்தது. வேலையை எடுத்தது ஒரு ஜப்பான் கம்பெனி. நாங்கள் அவர்களுக்குக் கீழே ஆள் சப்ளை. பளு தூக்கும் கும்பலில் நான் சார்ஜ்ஹேண்ட். எனக்கு மேலே ஒரு ஜப்பான் ஃபோர்மேன், கீழே பதினோரு பேர். காலையில் ஐந்தரைக்குப் பஸ், சாயங்காலம் திரும்பும்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவோம். ஒரு ரூமுக்கு ஆறு பேர். கட்டிலுக்குக் கட்டில் கை நீட்டினால் பக்கத்து ஆள் மூக்கில் இடிக்கும். இதையெல்லாம் சொல்லி யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. எவ்வளவு களைப்பில் இருந்தோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். களைத்தவன் யோசித்துப் பேச மாட்டான்.

வெள்ளிக்கிழமை லீவு. மத்தியானச் சோறு முடிந்ததும் மெஸ் ஹாலில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி வீடியோ போடுவோம். எந்த நாட்டு கேசட் போட்டாலும் ஓடும் மல்டி சிஸ்டம் டெக் ஒன்று கேம்ப்பில் இருந்தது. தமிழ்ப் படம், இந்திப் படம் எல்லாம் பார்த்துப் பார்த்து டேப்பே தேய்ந்துபோனது. அப்போதுதான் ஜப்பான் கேசட் வர ஆரம்பித்தது.

கொண்டுவந்தது சைட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். என் கட்டிலுக்கு எதிர்க் கட்டில். என்னைவிட நாலு வயசு மூத்தவர், எதற்கும் ஒரு குத்தல் வைத்திருப்பார். ஃபோர்மேனின் மனைவி ஊரில் டிவியில் ஓடுவதை அப்படியே பதிவுசெய்து தபாலில் அனுப்புவாள். நடுவில் சோப்பு விளம்பரம், நூடுல்ஸ் விளம்பரம் எல்லாம் வரும். ஃபோர்மேன் பார்த்து முடித்ததும் இவரிடம் தருவார். கீழே எழுத்து கிடையாது, ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நாற்பது பேர் உட்கார்ந்து பார்ப்போம். வேறு என்ன செய்வது?

இங்கேதான் நான் வந்தேன். எனக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று கேம்ப்பில் ஒரு பேச்சு. எனக்குத் தெரிந்தது ஃபோர்மேன் கத்தும் ஏழெட்டு வார்த்தை. அபுனாய் என்றால் ஆபத்து. மாத்தே என்றால் நில்லு. தமே என்றால் உருப்படாது. ஹயாக்கு என்றால் சீக்கிரம். இதை வைத்துக்கொண்டு படத்துக்குக் கதை சொல்ல முடியுமா? சொன்னேன். முதல் படத்தில் ஒரு குடும்பச் சண்டை. யார் யாரை எதற்கு அறைந்தான் என்று நானே கட்டிச் சொன்னேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஏசிக்கு நேர் கீழே எனக்கு ஒரு நாற்காலி போட்டு, கையில் டீயும் கொடுத்தார்கள். வாரம் ஆறு நாள் தமே, தமே என்று திட்டு வாங்குகிறவனுக்கு அந்த நாற்காலி சின்ன விஷயம் இல்லை. நான் விடவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அந்தப் பேய்ப்படம் வந்தது.

நம் ஊர்ப் பேய்ப்படம் மாதிரி இல்லை. வெள்ளைப் புடவை இல்லை, கொலுசு இல்லை, பாட்டு இல்லை. பட்டப்பகல். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்க வழி. அதில் ஒருத்தி சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு மடக்கின குடையோடு நிற்கிறாள். சும்மா நிற்கிறாள். ஒரு பெண்பிள்ளை அவளைத் தாண்டிப் போகும்போது பின்னாலிருந்து என்னவோ சொல்கிறாள். பிள்ளை திரும்புகிறாள். அவ்வளவுதான், அடுத்த காட்சியில் சுரங்கத்தில் செருப்பு மட்டும் கிடக்கிறது. இப்படி ஒன்று, இரண்டு, மூன்று பிள்ளைகள். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஹாலில் ஒருத்தனும் மூச்சு விடவில்லை.

என் கும்பலில் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த ஒருவன் இருந்தான். மீன்பிடிக்காரன். முப்பது வயசு, கல்யாணமானவன். கயிறு, முடிச்சு, கொக்கி எல்லாம் அவன் கைக்குத் தானாக வரும். ஒரு வருஷத்தில் நான் அடிக்கடி நம்பிக் கூப்பிடும் ஆள் அவன்தான். கழுத்தில் சிலுவை போட்டிருப்பான், சட்டைக்குள்ளே, வெளியே தெரியாமல். அவன் என் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எண்ணே, அவ என்ன சொல்லுகா?"

எனக்கு எங்கே தெரியும்? முந்தின நாள் ஓவர்டைம் முடித்து வந்திருந்தேன். கண் சொக்குகிறது. ஊரில் யாரோ சொல்லிப் பாதி மறந்துபோன ஒன்று வாயில் வந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடறா. முதல் தடவை கூப்பிட்டதும் திரும்பினா அவ்வளவுதான். ரெண்டாவது தடவைக்கும் திரும்பக் கூடாது. மூணாவது தடவை கூப்பிட அவளால முடியாது. மூணு தடவை கூப்பிடறது மனுஷன் மட்டும்தான்."

யாழ்ப்பாணத்துக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "என்ன ஐசே, அவள் வாயைத் திறந்து ரெண்டு சொல்லுத்தான் சொன்னவள். நீர் ரெண்டு நிமிசம் விளக்கம் சொல்லுறீர்."

"ஜப்பான்காரன் பாஷை அப்படி. சுருக்கமா பேசுவான்."

"ஓமோம். நேற்று உம்மைச் சுருக்கமாத்தான் ஏசினவன். அரை மணித்தியாலம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு போயிருக்க வேண்டியது. ஆனால் பெரம்பலூர்ப் பக்கத்து வெல்டர் ஒருவன் எழுந்து நின்றான். "யோவ், எங்க ஊர்லயும் இதையேதான்யா சொல்லுவாங்க! மூணு வாட்டி கூப்பிட்டாதான் ஏன்னு கேக்கணும்னு." இன்னொருத்தன், எங்க ஊர்லயும்தான் என்றான். மூன்றாவது ஆள் சொன்னதுதான் ஹாலையே கட்டிப்போட்டது. "நம்ம ஆளு சொன்னா மூடநம்பிக்கைம்பீங்க. வாட்ச் செய்யறவன், கார் செய்யறவன், இந்த டெக்கையே செய்யறவன், அவனே படம் எடுத்துச் சொல்றான் பாரு."

ஊரில் கேட்டதையே நான் ஜப்பான்காரன் வாயில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அதை மிஷின் செய்கிறவன் போட்ட முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

மீன்பிடிக்காரன் மட்டும் இன்னொன்று கேட்டான். "ராத்திரி மட்டுமாண்ணே? இல்ல பகல்லயுமா?"

ராத்திரி மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நான் கொட்டாவி விட்டுக்கொண்டே, "பகல்லயும்தான். பாக்கலியா, படத்துல வெயில் அடிக்குது" என்றேன்.

அடுத்த வாரமே கேம்ப் மாறியது. பாத்ரூம் வரிசையில் பின்னால் நிற்கிறவன் கூப்பிட்டால் முன்னால் நிற்கிறவன் கல் மாதிரி நிற்பான். மூன்றாவது தடவைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். காலையில் பஸ்ஸுக்குப் பேர் வாசிக்கும் டைம்கீப்பர் பாகிஸ்தானி. ஒவ்வொரு பேரையும் மூன்று தடவை வாசிக்க வேண்டியதாயிற்று. "க்யா பாய், சப் பெஹரே ஹோ கயே?" எல்லாருக்கும் காது செவிடாகிவிட்டதா என்று அந்த ஆள் லிஸ்ட்டை ஆட்டிக் கத்துவார். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு இரட்டிப்பு விளையாட்டு, கட்டினவன் நான் இல்லையா. ஆனால் பத்து பேர் விளையாடுகிற இடத்தில் ஒருத்தன் நிஜமாகவே நம்புவான். அவன் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு குழாயை இறக்கிக்கொண்டிருந்தோம். நாற்பதடி நீளம். கிரேனில் தொங்குகிறது. தரையில் அது உட்கார மரக்கட்டை வைக்க வேண்டும். மீன்பிடிக்காரன் குனிந்து கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான், தொங்குகிற குழாய்க்கு முதுகைக் காட்டி. அப்படி நிற்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். ஆனால் காலையிலிருந்தே யால்லா யால்லா என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் விரட்டினேன். குழாயின் ஒரு முனையைக் கயிற்றால் பிடித்திருந்தவனின் கையிலிருந்து கயிறு வழுக்கியது. முனை சுற்றியது. தாழ்வாக, மெதுவாகத்தான் வந்தது. அவன் திரும்பிப் பார்த்திருந்தால் இரண்டு எட்டு ஒதுங்கியிருப்பான். இடது பக்கம் காலியாகத்தான் கிடந்தது.

நான் அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

அவன் தோள் அசைந்தது. அதை நான் பார்த்தேன். கேட்டிருக்கிறது. குனிந்தவன் நிமிர்ந்தான், ஆனால் திரும்பவில்லை. இரண்டாவது தடவை நான் கத்தி முடிப்பதற்குள் குழாய் கட்டையில் இடித்து இறங்கி அவன் இடது காலில் உட்கார்ந்தது. சேஃப்டி ஷூவின் இரும்பு முனை தகரம் மாதிரி மடங்கியது.

பேரைச் சொல்லாமல் அபுனாய் என்று கத்தியிருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். தினமும் நூறு தடவை கேட்கிற வார்த்தை. எனக்கு அந்த நேரத்தில் பேர்தான் வாயில் வந்தது.

ஆஸ்பத்திரியில் இடது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"காது கேக்கலையாடா உனக்கு?" என்றேன். அடிபட்டுக் கிடக்கிறவனிடம் பேசுகிற பேச்சா அது? எனக்கு வேறு மாதிரி வராது.

"கேட்டுதுண்ணே. நல்லா கேட்டுது. நீங்க ஒருக்காதானே விளிச்சிய."

பக்கத்துக் கட்டிலில் ஒரு எகிப்துக்காரர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எண்ணே, கம்பெனி என்னய அனுப்பிருவானா?" என்று கேட்டான். "அனுப்புனா நான் என்ன செய்வேன்? மரத்துல நிக்க ரெண்டு முன்னங்காலும் வேணும். விரல் இல்லாம எப்படி அலைக்கு ஊணி நிப்பேன்? கடலு போச்சுண்ணே எனக்கு. இங்க இருந்தாத்தான் உண்டு."

மரம் என்று அவன் சொன்னது கட்டுமரத்தை. வலியை விட அவனுக்கு இதுதான் பயம். இங்கே இருந்தால் ஸ்டோரில் உட்காரும் வேலையாவது கிடைக்கும். ஊருக்கு அனுப்பினால் கரையில் நின்று மற்றவன் தோணி போவதைப் பார்க்க வேண்டியதுதான்.

விசாரணை வந்தது. சேஃப்டி ஆபீசர் வெள்ளைக்காரர், நேர்மையான ஆள். ஒரே கேள்விதான் கேட்டார். நீ கூப்பிட்டாயா, கூப்பிட்டால் அவன் ஏன் திரும்பவில்லை? கேட்டும் திரும்பவில்லை என்று சொன்னால் ஆள் கவனக்குறைவு என்று எழுதி அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றி அனுப்பினவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதையைச் சொன்னால் நானும் கூடப் போவேன். அதையும் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"கம்ப்ரஸர் சத்தம் சார். கேட்டிருக்காது" என்றேன்.

கம்ப்ரஸர் ஓடியது உண்மைதான். தூரத்தில் ஓடியது. அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலை பார்ப்போம். ஃபோர்மேன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கும் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, ஆமாம், சத்தம் என்றார். ஏன் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. ஆளை ஊருக்கு அனுப்பவில்லை. கால் ஆறியதும் டூல் ஸ்டோரில் போட்டார்கள். ஜன்னலுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பளு கட்டுகிற ஸ்லிங், கொக்கி எடுத்துக் கொடுக்கிற வேலை.

அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப்போன யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு நாள் ரூமுக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். என் கட்டிலில் அவர் அதற்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

"ஃபோர்மேனிட்டைக் கேட்டனான். அந்தப் பொம்பிளை ஆரின்ரை பேரையும் கூப்பிடேல்லை. அவள் வழி கேக்கிறாள் ஐசே. 'ஸ்டேசனுக்கு எந்தப் பக்கம்' எண்டு. வழி காட்டினால் அவள் பின்னாலை வந்திடுவாள். அதுதான் கதை."

நான் கழற்றின ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"அது பள்ளிக்கூடப் பிள்ளையள் கட்டின கதையாம். ஃபோர்மேனின்ரை மகளின்ரை பள்ளிக்கூடத்திலையும் ஒரு காலம் பிள்ளையள் தனிய வீட்டை போகப் பயந்து கூட்டங் கூட்டமாப் போனவையாம். ஊர் ஊராப் பரவிப் போச்சுது. பிறகு படமும் எடுத்திட்டாங்கள். ஆர் துவங்கினதெண்டு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"எனக்குத் தெரியும். இங்க யார் ஆரம்பிச்சதுன்னு."

"எனக்கும் தெரியும். நீர் புளுகிறீர் எண்டு முதல் கிழமையே தெரியும். அண்டைக்கே போய்க் கேட்டிருக்கலாம். நானும் கேக்கேல்லை. பகிடியா இருந்திச்சுது." கட்டிலைவிட்டு எழுந்தார். "போய் அவனுக்குச் சொல்லும். இனியாவது ஒருத்தன் கூப்பிட்டால் திரும்பட்டும்."

மறுநாள் காலையில் டூல் ஸ்டோருக்குப் போனேன். அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அலமாரியில் ஸ்லிங் மாட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவைக்குத்தான் திரும்பினான்.

"என்ன வேணும்ணே?"

"ஒண்ணும் வேணாம். இங்க பாரு, அந்தப் படம். நான் சொன்னது அத்தனையும் பொய். எனக்கு ஜப்பான் பாஷையே தெரியாது. அவ வழி கேக்கறா, பேரைக் கூப்பிடலை. மூணு தடவைங்கறது நானா சொன்னது. பகல்லயும்தான்னு சொன்னதும் நானாத்தான். கேக்குதா? நான் பண்ணினது."

அவன் அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

"சும்மா இரிங்கண்ணே. எனக்கு மனசு வெசனப்படப் பிடாதுன்னு பழிய உங்க மேல போட்டுச் சொல்லுதிய."

"டேய், நிஜம்டா."

"அண்ணைக்கு நான் திரும்பியிருந்தேன்னு வையுங்க. குழாய் எங்க அடிச்சிருக்கும்? நெஞ்சுல. ஆளே இல்ல. திரும்பாம நின்னதுனால காலோட போச்சு. வீட்டுக்கும் அப்பிடித்தான் எழுதிப் போட்டிருக்கேன். ஒரு அண்ணன் சொன்ன சொல்லுல உயிரு தப்புனேன்னு. வீட்டுக்காரி கோயில்ல உங்க பேருக்கு மெழுகுதிரி கொளுத்துனாளாம்."

குழாய் தாழ்வாக வந்தது. நெஞ்சுக்கு வரவே வராது. திரும்பியிருந்தால் இடது பக்கம் இரண்டு எட்டு. அதை அவனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் சட்டைக்குள்ளிருந்த சிலுவையை வெளியே எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தான். பாதிக் கால் ஸ்டூலுக்குக் கீழே தொங்கியது. பொய் என்று நான் நிரூபித்துவிட்டால் அந்தக் கால் எதற்காகப் போனது என்று அவனுக்கு என்ன மிச்சம் இருக்கும்? நான் வாயை மூடிக்கொண்டேன். அது இரக்கமா, கோழைத்தனமா என்று கேட்காதீர்கள். நானே கேட்டுச் சலித்துவிட்டேன்.

"ரெண்டு கொக்கி குடு" என்றேன். எடுத்துக் கொடுத்தான்.

கேம்ப்பில் அந்த விளையாட்டு இரண்டொரு மாதத்தில் ஓய்ந்தது. புதுக் கேசட் வந்தது, ஆட்கள் வேறு எதையோ பிடித்துக்கொண்டார்கள். நான் கதை சொல்வதை விட்டேன். ஏசிக்குக் கீழே வேறொருத்தன் உட்கார்ந்தான். மீன்பிடிக்காரன் மட்டும் விடவில்லை.

கான்ட்ராக்ட் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவிர தினமும் காலையில் அந்த ஜன்னலில் போய் நிற்பேன். ஒரு தடவை கூப்பிடுவேன். முதுகைக் காட்டி நிற்கிறவனின் தோள் அசையும், ஆனால் திரும்ப மாட்டான். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது தடவை கூப்பிடுவேன். பிறகு மூன்றாவது தடவை.